மருத்துவமனை வாயிலிலும் துணை வேண்டும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற நிகழ்ச்சியில், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் புதிதாகச் செல்வோர் அறிய வேண்டியவை குறித்து ஆற்றப்பட்ட உரை)

 

திருவள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து, மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர் என்பன அந்நான்காகும். நோயாளியின் பக்கத்தில் நிற்கும் ஒருவரை மருத்துவருக்கும் மருந்துக்கும் இணையாக அவர் எண்ணியிருப்பது சிந்திக்கத்தக்கது. நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் முழுமை பெறாது என்பதே அதன் கருத்து.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு மருத்துவ வசதிகள் எட்டும் தொலைவிலேயே உள்ளன. கோலாலம்பூர் மருத்துவமனை, லெம்பா பந்தாயில் அமைந்துள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், 2013ஆம் ஆண்டு முதல் புத்ராஜெயாவில் இயங்கிவரும் தேசியப் புற்றுநோய்க் கழகம் ஆகியவற்றில் புற்றுநோய் நிபுணர்கள் பணியாற்றுகின்றனர். கிள்ளானில் வசிப்போர் பலருக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையே முதல் வாயிலாக அமைகிறது. ஆயினும் நான்காம் கூறாகிய உடன் செல்லும் துணைதான் பல வேளைகளில் இல்லாமற் போகிறது. அதனால் விளையும் கேட்டினையும், அதனைப் போக்கும் வழியினையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

தாமதத்தின் விலை

நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரையிலான ஐந்தாண்டுகளில் 115,238 பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. அவற்றுள் 63.7 விழுக்காடு மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை எட்டிய பின்னரே கண்டறியப்பட்டன. 2018இல் வெளியிடப்பட்ட மலேசிய ஆய்வொன்றின்படி, மார்பகப் புற்றுநோய் முதல் கட்டத்திலேயே கண்டறியப்பட்ட பெண்களுள் ஐந்தாண்டுகள் கடந்தும் வாழ்வோர் 87.5 விழுக்காடு. நான்காம் கட்டத்திலோ 23.3 விழுக்காடுதான். நோய் ஒன்றே, மருத்துவமனையும் ஒன்றே. எந்தக் காலத்தில் கண்டறியப்பட்டது என்பதே இத்தனை பெரிய வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம்.

அக்காலத்தை விழுங்குவது எது? அச்சமும் வெட்கமும் மௌனமுமே ஆகும். மார்பில் தென்படும் கட்டியைத் தாய் மகளிடம்கூடச் சொல்வதில்லை. வெற்றிலை பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கமுள்ள முதியவர் வாயிலுள்ள ஆறாத புண்ணை மறைத்துக்கொள்கிறார். வாய்ப் புற்றுநோய் இந்நாட்டு இந்தியரிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, மிகுதியாகக் காணப்படுவது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி.

வெட்கப்படுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். இல்லந்தோறும் ஓதப்பெறும் கந்த சஷ்டி கவசம், உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லிக் காக்குமாறு முருகப்பெருமானை வேண்டுகிறது. மறைவுறுப்புகளையும் அது விட்டுவைக்கவில்லை. இறைவன் திருமுன் கூசாமல் சொல்லப்படும் உறுப்பின் பெயரை மருத்துவர் முன் சொல்வதற்கு மட்டும் கூச்சம் எதற்கு?

முதல் நாள்

காப்பாரில் வசிக்கும் ஓர் அம்மையாரை எண்ணிப் பார்க்கலாம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை பயின்றவர். கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிகிறது. புற்றுநோய்க் கிளினிக்கிற்குச் செல்லுமாறு ஒரு கடிதமும் ஒரு தேதியும் தரப்படுகின்றன. அந்தத் தேதிக்கும் இன்றைக்கும் இடையில் உள்ள சில வாரங்களே அவருடைய வாழ்வில் மிகவும் ஆபத்தான காலமாகும். "கத்தி பட்டால் நோய் பரவிவிடும்" என்று அண்டை வீட்டார் கூறுவர். "இன்னாரிடம் ஒரு வேர் இருக்கிறது" என்று உறவினர் கூறுவர். திசுச் சோதனையினால் நோய் பரவிவிடும் என்னும் அச்சத்துக்கு ஆதாரமில்லை. எவ்வகைப் புற்றுநோய், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை அச்சோதனையின்றி அறிய இயலாது. குறித்த தேதியில் கிளினிக்கிற்குச் செல்வதே அந்த அம்மையார் ஆற்ற வேண்டிய முதற் கடமை.

செல்லும்போது அடையாள அட்டை, பரிந்துரைக் கடிதம், திசுப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் படங்களும் அவை பதிவான வட்டும், இரத்தப் பரிசோதனை முடிவுகள், உண்டுவரும் மருந்துகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை உறையோடு எடுத்துச் செல்வது நலம். தனியார் மருத்துவமனையில் திசு எடுத்திருந்தால், அறிக்கை மட்டுமன்றித் திசு மாதிரியும் தேவைப்படுமா என்று முன்னரே கேட்டறிந்துகொள்வது பல நாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

முதல் நாளே சிகிச்சை தொடங்கிவிடும் என்று எதிர்பார்த்துச் சென்று, "ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள்" என்று மனம் சோர்ந்து திரும்புவோர் உளர். முதல் நாள் பெரும்பாலும் கேட்டறியும் நாளாகவே அமையும். உயரம், எடை, இரத்தம் ஆகியவை பார்க்கப்படும். உடலில் நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதை அறிய மேலும் ஸ்கேன் எடுக்க நேரிடலாம். அறுவை மருத்துவர், புற்றுநோய் நிபுணர், கதிர்ப்பட நிபுணர், திசு ஆய்வாளர் ஆகியோர் கலந்து பேசி முடிவெடுக்கும் வழக்கமும் உண்டு. எனவே காத்திருப்பு நீளலாம். காலைச் சிற்றுண்டியை முடித்து, கையில் உணவும் நீரும் எடுத்துக்கொண்டு, அன்றைய நாள் முழுவதையும் அதற்கென ஒதுக்கிச் செல்வதே நன்று. இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தால் மட்டும் அவ்வாறு செல்ல வேண்டும்.

கிளினிக்கிற்குத் தனியே செல்லலாகாது. "புற்றுநோய்" என்ற சொல்லைக் கேட்டபின் மருத்துவர் சொல்லும் வேறு எதுவும் பலருக்குக் காதில் ஏறுவதில்லை. உடன் வருபவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். என்ன வகை நோய்? எந்தக் கட்டம்? சிகிச்சையின் நோக்கம் முற்றாகக் குணப்படுத்துவதா, நோயைக் கட்டுக்குள் வைப்பதா? எத்தனை வாரம் நீடிக்கும்? என்னென்ன பக்க விளைவுகள் தோன்றலாம்? அவசரத்துக்கு எந்த எண்ணை அழைப்பது? இந்த ஆறு கேள்விகளையும் முன்னரே எழுதிக் கொண்டுசெல்லலாம்.

புரியாமலே தலையசைப்பது நம் பெரியவர்களிடம் காணப்படும் ஒரு பழக்கம். படித்தவர் முன் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்பது அவர்களின் எண்ணம். ஒப்புதல் படிவம் மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதிலுள்ளதைப் புரிந்துகொள்ளாமல் கையொப்பமிட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. "தமிழில் விளக்கக் கூடியவர் உண்டா?" என்று கேட்கலாம். தமிழ் பேசும் மருத்துவர்களும் தாதியரும் இம்மருத்துவமனைகளில் இல்லாமல் இல்லை. கேட்பது நோயாளியின் உரிமை.

நோயாளியிடமே நோயை மறைக்கும் குடும்பங்களும் உண்டு. அன்பினால் செய்வதாயினும் அது நன்மை பயப்பதில்லை. எதற்காக மருந்து ஏற்றுகிறார்கள் என்று அறியாதவர், உடல் சிறிது வருந்தியதும் "இனி வரமாட்டேன்" என்று மறுத்துவிடுகிறார். உண்மையைப் பக்குவமாக அறிந்தவரே சிகிச்சையைத் துணிவுடன் தாங்குகிறார்.

சிகிச்சைக் காலம்

அறுவைச் சிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சை ஆகியன நெடுங்காலமாக வழக்கில் உள்ளவை. நோயின் தன்மைக்கேற்ப ஹார்மோன் சிகிச்சையும், புதியனவாக வந்துள்ள பிற மருந்துகளும் தரப்படுகின்றன. ஒருவருக்கு அளிக்கப்படும் சிகிச்சை மற்றவருக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது. அடுத்த நாற்காலியில் இருப்பவருடன் ஒப்பிட்டுக் கலங்குவதில் பயனில்லை.

கதிர்ச் சிகிச்சை பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் சில வாரங்கள் தொடரும். ஒவ்வொரு நாளும் சில நிமிடங்களே ஆகும். எக்ஸ்ரே எடுப்பது போலவே அப்போது வலி இருக்காது. வெளியிலிருந்து இயந்திரத்தின் வழியாகக் கதிர் செலுத்தப்பட்டவரின் உடலில் கதிர் தங்குவதில்லை. அவர் வீடு திரும்பியதும் பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம். புற்றுநோய் தொற்றுநோய் அன்று. தட்டையும் குவளையையும் பிரித்து வைத்து அவர் மனத்தைப் புண்படுத்துதல் கூடாது. தோலின் மீது இடப்படும் அடையாளக் கோடுகளைத் தேய்த்து அழித்துவிடலாகாது. கதிர்படும் இடத்தில் எண்ணெய், மஞ்சள், சந்தனம், திருநீறு ஆகியவற்றை மருத்துவரைக் கேளாமல் பூசலாகாது. திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டு, சிகிச்சை பெறும் இடத்தை மட்டும் விட்டுவிடுவதால் பக்தியில் குறை நேர்ந்துவிடாது. வாய், தொண்டைப் பகுதியில் கதிர்ச் சிகிச்சை பெறுவோர் அதற்கு முன் பல் மருத்துவரைக் காண வேண்டியிருக்கும்.

கீமோதெரபி பெறுவோர் மறவாமல் நினைவில் இருத்த வேண்டியது காய்ச்சல். அம்மருந்து, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களைக் குறைத்துவிடுகிறது. ஆகவே உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸை எட்டினால் அது சாதாரணக் காய்ச்சல் அன்று. "காலையில் பார்க்கலாம்" என்று பனடோல் விழுங்கிப் படுத்துவிடாமல், நள்ளிரவாயினும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, கீமோதெரபி பெறுவதைத் தெரிவிக்க வேண்டும். ஓர் இரவு தாமதம் உயிருக்கே உலை வைத்துவிடும். வீட்டில் ஒரு வெப்பமானி இருப்பது இன்றியமையாதது.

முடி உதிர்வது எல்லா மருந்துகளுக்கும் பொதுவன்று. உதிர்ந்தாலும் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். தைப்பூசத்தில் பத்துமலைக்குச் சென்று மகிழ்ச்சியோடு முடி காணிக்கை செலுத்தும் சமூகத்தில், சிகிச்சையினால் முடி இழந்த பெண்ணை ஏளனமாகவோ இரக்கத்தோடோ உற்றுப் பார்ப்பது பொருந்துமா?

வழிபாட்டோடு தொடர்புடைய வேறு சிலவற்றையும் கூறியாக வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் அலகு குத்துதல் ஆபத்தானது. நெரிசலான இடங்களுக்குச் செல்வதையும், நெடுநேரம் வெளியே இருந்த உணவையும் தவிர்க்க வேண்டும். பிரசாதமேயாயினும் புதிதாகச் சமைத்ததைச் சூட்டோடு உண்பதே பாதுகாப்பு. விரதம் இருக்க விரும்புவோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். நேர்த்திக்கடனை உடல் தேறியபின் செலுத்தலாம். இறைவன் காத்திருப்பான், சிகிச்சைக்குரிய நாள் காத்திராது.

நாட்டு மருந்து உண்பவர் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது. சில மூலிகைகள் கல்லீரலைப் பாதிக்கும். சில, இரத்தம் உறைவதைத் தடுக்கும். வேறு சில, கீமோதெரபி மருந்தின் வேலையையே மாற்றிவிடும். மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்றஞ்சி மறைப்பதைவிட, சொல்லிவிட்டு ஒரு கடிந்துரையைக் கேட்டுக்கொள்வது மேல்.

வலியைத் தாங்கிக்கொள்வது வீரம் என்ற எண்ணமும் மாற வேண்டும். மார்ஃபின் போன்ற மருந்துகளை மருத்துவர் சொல்லும் அளவில் உட்கொள்வது தவறன்று. இறுதிக்காலம் வந்துவிட்டது என்பதும் அதற்குப் பொருளன்று. 1991இல் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் கடும் நோயுற்றோரின் இல்லம் தேடிச் சென்று கட்டணமின்றி வலி தணிக்கும் பணியை ஆற்றிவருகிறது.

செலவைக் குறித்த அச்சம்

"பணத்துக்கு எங்கே போவது?" என்ற கவலையினாலேயே வீட்டில் தங்கிவிடுவோர் பலர். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் மலேசியக் குடிமக்களுக்கான கட்டணம் மிகக் குறைவு. அரசாங்கக் கிளினிக்கின் பரிந்துரையோடு செல்வோர்க்கு நிபுணத்துவ மருத்துவரைக் காண ஐந்து வெள்ளியே கட்டணம். பணியிலுள்ள அரசு ஊழியரின் பெற்றோர்க்கும் அரசாங்க மருத்துவமனைகளில் சலுகை உண்டு என்பதைப் பலர் அறியார். அதற்குரிய உறுதிக் கடிதத்தைப் பிள்ளைகள் தம் அலுவலகத்தில் பெற்றுத் தரலாம்.

விலையுயர்ந்த மருந்தோ கருவியோ தேவைப்படுமானால் மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவை நாட வேண்டும். குறைந்த வருமானம் பெறுவோர்க்காக 2019இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தில், சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் புற்றுநோய்ச் சிகிச்சையை நிறைவு செய்வோர்க்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் உள்ளோர்க்குப் போக்குவரத்துக்கென 500 வெள்ளி வரையும் வழங்க வகை செய்யப்பட்டது. ஊழியர் சேமநிதியிலிருந்து மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்கலாம். பிள்ளையின் சேமிப்பிலிருந்து பெற்றோருக்காகவும் எடுக்க இடமுண்டு. வேலை செய்ய இயலாத நிலையை அடைந்தோர் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 1966இல் தோன்றிய தேசியப் புற்றுநோய்ச் சங்கமும், 1994இல் தோன்றிய மாக்னாவும் நோயாளிகளுக்குத் துணைபுரிந்து வருகின்றன. இவற்றின் நிபந்தனைகள் காலத்துக்குக் காலம் மாறக் கூடியவை. எனவே விண்ணப்பிக்கும் முன் கேட்டறிந்துகொள்வது அவசியம். விண்ணப்பம், கடிதம், வருமானச் சான்று ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு படி எடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்வதும் அவசியம்.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்போருக்கும் குடியுரிமை ஆவணமற்றோருக்கும் கட்டணம் வேறுபடலாம். அத்தகையோர் அஞ்சி ஒதுங்கிவிடாமல், தங்கள் நிலையைச் சமூகப் பணி அதிகாரியிடம் எடுத்துரைக்க வேண்டும். அவர்களுக்குத்தான் உடன் சென்று பேசுவதற்கு ஒருவர் மிகவும் தேவை.

துணை நின்றோர்

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அத்துயரத்தோடு முடங்கிவிடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு பல்லாண்டு முயன்று, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அம்மருத்துவமனையைத் தோற்றுவித்தார். மறு ஆண்டு அங்குப் பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும்வரை ஏழை நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். ஒரு தமக்கையின் கண்ணீர் பிறர்க்குத் துணையாக மாறிய வரலாறு அது.

அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த மற்றொரு தமக்கையார் திலகவதியார். சூலை நோயால் துடித்த தம்பி மருள்நீக்கியார் தேடி வந்து அடிபணிந்தபோது, "ஏன் பிரிந்து சென்றாய்?" என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. திருநீறு அளித்து, விடியற்காலையில் திருவதிகைத் திருக்கோயிலுக்குத் தாமே உடன் அழைத்துச் சென்றார். அந்தத் தம்பியே பின்னர்த் திருநாவுக்கரசர் ஆனார். நோயுற்றவரைக் குறை கூறாமல் உடன் நடந்து செல்வது, சைவ மரபு போற்றிவரும் பண்பாகும்.

காவடி எடுப்பவர் எவரும் பத்துமலையின் 272 படிகளையும் தனியே ஏறுவதில்லை. ஒருவர் இளைப்பாற முக்காலி தூக்கி வருகிறார். ஒருவர் நீர் ஏந்தி வருகிறார். வேறொருவர் "வேல் வேல்" என்று முழங்கி ஊக்கம் தருகிறார். ஆனால் அதே மனிதர் ஐந்து வாரம் கதிர்ச் சிகிச்சைக்குச் செல்லும்போது, கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, அடுத்த வண்டி எங்கே என்று தெரியாமல் தனியே நிற்கிறார். முக்காலி தூக்கி வந்த கைகள் அப்போது எங்கே போயின?

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஆலயந்தோறும் ஒரு சிறு குறிப்பேடு போதும். வாரத்தில் ஒரு நாள் வாகனம் ஓட்டித் தருவோர் பெயர், மலாய், ஆங்கிலப் படிவங்களைப் படித்து விளக்கக் கூடிய இளைஞர் பெயர், மருத்துவமனையில் உடன் அமர்ந்திருக்கக் கூடிய ஓய்வுபெற்றோர் பெயர் ஆகியவற்றை அதில் எழுதி வைக்கலாம். உதவி பெறுவோர் இன்னார் என்பது வெளியே தெரியாமல் காப்பதும் அவர்களின் கடமையாகும். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தரும் அன்பர்கள் இதற்கு ஒரு காலைப் பொழுதைத் தரலாம்.

காப்பாரிலுள்ள அந்த அம்மையார் கையில் இப்போது ஒரு கடிதமும் ஒரு தேதியும் உள்ளன. அந்தத் தேதியன்று காலையில் அவர் வீட்டு வாயிலில் ஒரு வண்டி வந்து நின்று, "புறப்படலாமா, அம்மா?" என்று ஒரு குரல் கேட்குமானால், வள்ளுவர் சொன்ன நான்காம் கூறும் அங்கே நிறைவடைந்துவிடும்.

எல்லாம் வல்ல அம்பிகையின் திருவருள், நோயுற்றோர்க்கு நலமும், உடன் நிற்போர்க்கு மனவுறுதியும் அருள்வதாக.